ஆளுக்கு ஒரு பட்டியல்: கலிஃபோர்னியா வாக்குச்சீட்டும் அமைப்புகளின் பரிந்துரைகளும்

2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வாக்களித்த ஒருவருக்கு, அதிபர், மேயர் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகும் 25 கேள்விகள் மிச்சமிருந்தன. மாநிலம் கேட்டவை பத்து, நகரம் கேட்டவை பதினைந்து. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’தான் பதில். பள்ளிக் கட்டடங்களுக்காக மாநிலம் 1,000 கோடி டாலர் கடன் வாங்கலாமா? குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலர் ஆக்கலாமா? சிறைக்கைதிகளிடம் கட்டாய வேலை வாங்குவதைத் தடைசெய்யலாமா? கடலோரச் சாலையில் சுமார் இரண்டு மைல் தூரத்துக்குக் கார் ஓடுவதைத் தடுத்துவிட்டுப் பூங்கா ஆக்கலாமா?

நம்மூர்த் தேர்தலில் பழகியவர்களுக்கு இது தலையைச் சுற்றும். அங்கே சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. சட்டமும் வரியும் சட்டமன்றத்தின் பாடு. இங்கே அந்த வேலையில் ஒரு பங்கு வாக்காளர் தலையில் விழுகிறது. வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்த்துவிட்டு, மருந்துத் தள்ளுபடி வருமானம் பற்றிய சட்டப்பிரிவை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அதனால்தான் தேர்தல் நெருங்கும்போது ஒவ்வோர் அமைப்பும் ஒரு பட்டியலை நீட்டுகிறது: இதற்கு ஆம் போடுங்கள், அதற்கு இல்லை போடுங்கள். குடியுரிமை வாங்கி முதன்முதலாக வாக்களிக்கப் போகிறவர்கள் அந்தப் பட்டியல்களை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தக் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடுவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா அரசியல் சதர்ன் பசிஃபிக் ரயில்வே கம்பெனியின் சட்டைப்பைக்குள் இருந்தது. அந்தப் பிடியை உடைப்பேன் என்று சொல்லி ஆளுநரானவர் ஹைரம் ஜான்சன். 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் மக்களுக்கு மூன்று ஆயுதங்கள் கிடைத்தன. தாங்களே சட்டம் முன்மொழிவது இனிஷியேட்டிவ். சட்டமன்றம் போட்ட சட்டத்தை நிறுத்திவைத்து, ‘இது வேண்டுமா’ என்று மக்களைக் கேட்பது ரெஃபரெண்டம். பதவியில் இருப்பவரைப் பாதியில் இறக்குவது ரீகால். அதே நாளில்தான் கலிஃபோர்னியப் பெண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது, மயிரிழை வித்தியாசத்தில்.

மாநில அளவில் ஒரு கேள்வி வாக்குச்சீட்டில் ஏற இரண்டு வழிகள் உண்டு. சட்டமன்றமே அனுப்பலாம், அரசியல் சட்டத் திருத்தமும் பெரிய கடன் பத்திரங்களும் மக்கள் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறாது. அல்லது யாராவது கையெழுத்துத் திரட்டலாம். கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதம் கையெழுத்து இருந்தால் சாதாரணச் சட்டம், 8 சதவீதம் இருந்தால் அரசியல் சட்டத் திருத்தம். 2022 தேர்தல் கணக்கில் இது முறையே 5,46,651, 8,74,641. திரட்ட 180 நாள் அவகாசம். தன்னார்வலர்களை மட்டும் நம்பி இவ்வளவு கையெழுத்து வாங்குவது அநேகமாக நடக்காத காரியம். சூப்பர் மார்க்கெட் வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்று ‘ஒரு நிமிடம் சார்’ என்று மறிக்கிறவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நிற்பவர்கள். ரயில்வே கம்பெனிக்கு எதிராகச் செய்த ஆயுதம் இன்று பணம் இருப்பவர் கையில் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2020-இல் ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் போன்ற கம்பெனிகள், தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்தும் கட்டாயத்திலிருந்து தப்பிக்க ப்ராப் 22 என்ற முன்மொழிவைக் கொண்டுவந்து, 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி ஜெயித்தன.

(ப்ரொபொசிஷன் என்பதை இங்கே எல்லாரும் ப்ராப் என்றுதான் சொல்வார்கள். மாநிலக் கேள்விகளுக்கு எண். உள்ளூர்க் கேள்விகளுக்குப் பெரும்பாலும் எழுத்து; சான் பிரான்சிஸ்கோவில் 2024-இல் ஏ-யில் தொடங்கி ஓ வரை போயிற்று.)

தேர்வு செய்வதற்கு உதவியாக அரசாங்கமே ஒரு கையேட்டை வீட்டுக்கு அனுப்புகிறது. அதில் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் எழுதிய செலவுக் கணக்கு இருக்கும். கட்சி சாராத அலுவலகம் அது, நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஆம் தரப்பும் இல்லை தரப்பும் ஆளுக்கு 500 சொல்லுக்குள் வாதாடும், பிறகு 250 சொல்லுக்குள் பதிலுக்குப் பதில். இவ்வளவு இருக்கும்போது வெளி அமைப்பின் பரிந்துரை எதற்கு என்று கேட்கலாம். கையேட்டில் எழுதாத விஷயம்தான் பல சமயம் முக்கியமான விஷயமாக இருக்கிறது.

2024-இன் ப்ராப் 34 இதற்கு நல்ல உதாரணம். மருந்து வாங்குவதில் மத்திய அரசுத் திட்டம் ஒன்றின் தள்ளுபடியால் கிடைக்கும் வருமானத்தில் 98 சதவீதத்தை, குறிப்பிட்ட சில மருத்துவ நிறுவனங்கள் நேரடியாக நோயாளிகளுக்கே செலவிட வேண்டும் என்றது அது. கேட்டதும் நல்லதாகத்தான் தோன்றும். ஆனால் எந்த நிறுவனங்கள்? பத்தாண்டுகளில் 10 கோடி டாலருக்கு மேல் நோயாளிகளின் நேரடிச் சிகிச்சை அல்லாத வேலைகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். அத்துடன் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நடத்தி, அவற்றில் குறைந்தது 500 கடுமையான விதிமீறல்களும் பதிவாகியிருக்க வேண்டும். இந்த வலையில் சிக்கக்கூடிய மீன் எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் ஒன்றுதான் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த அமைப்புதான் 2018, 2020, 2024 என்று மூன்று முறை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டை விரிவாக்கும் முன்மொழிவுகளைக் கொண்டுவந்து மூன்றிலும் தோற்றது. ப்ராப் 34-க்குப் பணம் போட்டது கலிஃபோர்னியா அபார்ட்மென்ட் அசோசியேஷன், அதாவது வீட்டு உரிமையாளர்கள் தரப்பு. மருந்து, நோயாளி என்ற சொற்களுக்கு அடியில் ஓடியது வாடகைச் சண்டை. சொற்ப வித்தியாசத்தில் அது நிறைவேறியது. அந்த அமைப்பின் மேல் எனக்குத் தனிப் பரிவு ஏதும் இல்லை. ஆனால் இந்தப் பின்னணியைச் சொல்லாமல் ‘34: ஆம்’ என்றோ ‘34: இல்லை’ என்றோ மட்டும் ஒரு பட்டியல் போட்டிருந்தால், அது வாக்காளருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

தலைப்பும் ஏமாற்றும். வாக்குச்சீட்டில் வரும் தலைப்பை எழுதுபவர் மாநில அட்டர்னி ஜெனரல். அவரும் கட்சிக்காரர், தேர்தலில் நின்று வந்தவர். 2018-இல் பெட்ரோல் வரி உயர்வை ரத்துசெய்யக் கொண்டுவந்த ப்ராப் 6, வாக்குச்சீட்டில் ‘சாலைப் பழுதுபார்ப்புக்கும் போக்குவரத்துக்கும் உரிய சில நிதிகளை நீக்குகிறது’ என்று தொடங்கும் தலைப்போடு வந்தது. பொய் இல்லை, அந்த வரி சாலைக்குத்தான் போனது. ஆனாலும் வரி குறைக்கலாமா என்று கேட்பதும் சாலை நிதியை நீக்கலாமா என்று கேட்பதும் ஒன்றா?

ரெஃபரெண்டத்தில் குழப்பம் வேறு விதம். நெகிழிப் பைத் தடைச் சட்டத்தை 2014-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. பை தயாரிப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி அதை நிறுத்திவைத்தார்கள். 2016-இல் ப்ராப் 67 ஆக அது மக்கள் முன் வந்தபோது, ‘ஆம்’ என்றால் சட்டம் இருக்கட்டும், ‘இல்லை’ என்றால் போகட்டும். சட்டத்தை எதிர்ப்பவர்கள், தாங்களே கொண்டுவந்த கேள்விக்கு ‘இல்லை’ போட வேண்டும்! போதாக்குறைக்கு அதே தயாரிப்பாளர்கள் ப்ராப் 65 என்று இன்னொன்றையும் வைத்தார்கள்: கடைகள் பைக்கு வசூலிக்கும் காசு சுற்றுச்சூழல் நிதிக்குப் போகட்டும் என்று. பச்சைச் சாயம் பூசிய அந்தக் கேள்வியின் உண்மையான வேலை கடைக்காரர்களைத் தடைச் சட்டத்தின் பக்கம் நிற்கவிடாமல் செய்வது. மக்கள் 67-க்கு ஆம் சொல்லி 65-ஐத் தோற்கடித்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் ஊர் ஊராக இதை விளக்காமல் இருந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பட்டியல் போடுகிறவர்கள் யார்?

தொழிற்சங்கங்கள், வணிகர் சங்கங்கள், கட்சிக் கிளைகள், பத்திரிகைகள், தேவாலயங்கள், குடியிருப்போர் சங்கங்கள், புலம்பெயர்ந்தோர் அமைப்புகள் என எல்லாரும்தான். இதில் சட்டம் போட்ட ஒரு கோடு இருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்களும் மத அமைப்புகளும் ‘இன்ன வேட்பாளருக்குப் போடுங்கள்’ என்று சொல்லக் கூடாது என்பது அமெரிக்க வரிச் சட்டம். ஆனால் ‘இன்ன முன்மொழிவுக்கு ஆம் போடுங்கள்’ என்று சொல்லலாம், ஓர் அளவுக்குள். அது ஆளை ஆதரிப்பது அல்ல, சட்டம் இயற்றுவதில் கருத்துச் சொல்வது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆள் பெயரைச் சொல்லாத ஒரு சமூக அமைப்பு முன்மொழிவுகளுக்கு மட்டும் நீளமாகப் பரிந்துரை எழுதுவதற்கு இது முக்கியமான காரணம்.

லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் அமைப்பு இதில் பழுத்த பழம். பெண்கள் வாக்குரிமை இயக்கத்திலிருந்து 1920-இல் பிறந்தது. எந்தக் கட்சியையும் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதுமில்லை. முன்மொழிவுகளில் மட்டும் நிலைப்பாடு எடுக்கும். அந்த நிலைப்பாடு தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு கூட்டத்தில் கை தூக்கி எடுக்கப்படுவதில்லை. வீட்டுவசதி, வரி, கல்வி போன்ற பொருள்களை உறுப்பினர்கள் நீண்ட காலம் படித்து, கிளைகள்தோறும் பேசி, ஒருமித்த கருத்து உருவான பிறகு கொள்கையாக எழுதி வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு முன்மொழிவு வந்தால் அந்தக் கொள்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தும் கொள்கை இல்லையென்றால் ‘நிலைப்பாடு இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். நழுவுகிறார்கள் என்று முதலில் தோன்றலாம். நாங்கள் இதைப் படிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று ஒதுங்குவதுதான் அதன் பொருள்; எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் அமைப்பைவிட இவர்களை நான் கூடுதலாக நம்புவதற்கு அதுவே காரணம். பரிந்துரைக்குத் தனியாகவும், இரு தரப்பு வாதங்களை மட்டும் சொல்லும் கையேட்டுக்குத் தனியாகவும் தாள்கள் வெளியிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதற்காக அவர்களும் எல்லா நேரமும் மேலே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லர். 1978-இல் வந்த ப்ராப் 13, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதமாகக் கட்டிப்போட்டது. மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறும்போதுதான் புது மதிப்பு. சன்னிவேலில் புதிதாக வீடு வாங்கிய எந்தத் தமிழரிடமும் கேட்டுப் பாருங்கள்: அதே தெருவில், அதே அளவு வீட்டில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவர் கட்டும் வரியைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். அந்தச் சலுகையை வணிகச் சொத்துகளிலிருந்து மட்டும் எடுத்துவிட 2020-இல் ப்ராப் 15 வந்தது. லீக் அதற்கு முன்னணியில் நின்று உழைத்தது. 52-க்கு 48 என்று தோற்றது. அந்த ஆண்டு லீக்கின் பட்டியலில் ‘15: ஆம்’ என்று படித்தவர், இதைச் சொல்வது நடுவர் அல்ல, களத்தில் ஆடுபவர் என்று தெரிந்து படித்திருக்க வேண்டும். அதில் தப்பொன்றுமில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஸ்பர் என்று இன்னொரு அமைப்பு. நகரத் திட்டமிடல்தான் அவர்கள் தொழில். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டுவசதிக்காகத் தொடங்கிய சங்கத்தில் வேர் விட்டது. அவர்களுடைய வாக்காளர் கையேட்டில் எனக்குப் பிடித்தது ‘பின்கதை’ என்ற பகுதி. இந்தக் கேள்வி ஏன் இப்போது வந்தது, இதற்குமுன் என்ன முயற்சி நடந்தது, யார் வைத்தார்கள் என்று அதில் இருக்கும். பிறகு சாதகம், பாதகம், கடைசியில் பரிந்துரை. தாங்கள் ஆதரிக்கும் முன்மொழிவுக்கும் பாதகங்களைத் தயங்காமல் எழுதுகிறார்கள். வீடுகள் நெருக்கமாகக் கட்டப்பட வேண்டும், ரயிலும் பேருந்தும் பெருக வேண்டும் என்ற சாய்வு அவர்களுக்கு உண்டு. மறைப்பதில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வகை ஒன்று உண்டு. தேர்தலுக்கு முன் தபாலில் பளபளப்பான அட்டைகள் வந்து குவியும். ‘மூத்த குடிமக்கள் கையேடு’, ‘காவலர்களின் பரிந்துரை’ என்கிற சாயலில் பெரிய எழுத்தில் ஒரு பெயர், கொடிப் படம், கீழே ஆம்-இல்லைப் பட்டியல். இவற்றை ஸ்லேட் மெயிலர் என்பார்கள். இவற்றில் பல வியாபாரம். பட்டியலில் இடம்பெறப் பிரசாரக் குழுக்கள் பணம் கட்டுகின்றன. பணம் வாங்கிச் சேர்த்ததற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும், இது அதிகாரபூர்வக் கட்சி வெளியீடு அல்ல என்றும் அச்சிட வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். ஆகவே அட்டை வந்ததும் முதலில் நட்சத்திரத்தைத் தேடுங்கள். சான் பிரான்சிஸ்கோ நகரம் அனுப்பும் கையேட்டிலேயே ‘கட்டண வாதங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு: 200 டாலர், அதோடு சொல்லுக்கு 2 டாலர் கட்டினால் உங்கள் கருத்தையும் அச்சிடுவார்கள். ஒரே முன்மொழிவுக்கு வரிசையாகப் பல அமைப்புகள் பேசுவது போலத் தெரியும். ஒவ்வொன்றின் கீழும் காசு கொடுத்தது யார் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பல வாதங்களுக்கு ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நல்ல யோசனைக்கும் ‘இல்லை’ ஏன்?

பரிந்துரைகளைப் படிக்கத் தொடங்கும் எல்லாரும் இடறும் இடம் இது. ‘நோக்கம் சரி, ஆனாலும் இல்லை போடுங்கள்’ என்று ஓர் அமைப்பு எழுதியிருக்கும். வழவழா கொழகொழா என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவோம்.

காரணம் வலுவானது. கலிஃபோர்னியாவில் இனிஷியேட்டிவ் மூலம் மக்கள் இயற்றிய சட்டத்தை, அந்தச் சட்டமே அனுமதி கொடுத்திருந்தால் ஒழியச் சட்டமன்றம் திருத்த முடியாது. மறுபடி மக்களிடம்தான் வர வேண்டும். சட்டமன்றம் போட்ட சட்டத்தில் பிழை இருந்தால் அடுத்த கூட்டத்தொடரில் சரிசெய்யலாம். மக்கள் வாக்கால் வந்த பிழை பல ஆண்டு அப்படியே நிற்கும். ப்ராப் 22-ஐ எழுதியவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள்: திருத்தலாம், ஆனால் இரு அவைகளிலும் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவு பேர் ஒத்துப்போவது நடக்கிற காரியமா? அதனால்தான் அனுபவமுள்ள அமைப்புகள் நோக்கத்தோடு சேர்த்துக் கருவியையும் பார்க்கின்றன: இது வாக்குச்சீட்டுக்கு வர வேண்டிய விஷயம்தானா, நகராட்சி மன்றத்திலேயே முடித்திருக்கலாமே என்று. என் நிலைப்பாடும் ஏறக்குறைய இதுதான். புரியவில்லையென்றால் ‘இல்லை’, இன்னும் தெளிவாக எழுதி அடுத்த தேர்தலில் கொண்டு வரட்டும். ரெஃபரெண்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே ‘இல்லை’ என்பது இருக்கும் சட்டத்தையே கவிழ்த்துவிடும்.

உள்ளூர்க் கேள்விகளில் இன்னொரு சிக்கல், எத்தனை வாக்கு வேண்டும் என்பது. நகரத்தின் பொதுக் கடன் பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. பள்ளிக் கடன் பத்திரத்துக்கு, 2000-இல் வந்த ப்ராப் 39-க்குப் பிறகு, 55 சதவீதம் போதும். குறிப்பிட்ட காரியத்துக்கென்று நகரம் போடும் வரிக்கு மூன்றில் இரண்டு. அதே வரியைக் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஆகவே, சில வரிகளை ‘பொதுமக்கள் முயற்சி’ என்ற உருவில் பார்த்தால் ஏன் என்று இப்போது புரியும்.

பாதிக்கு மேல் வாங்கியும் தோற்பது உண்டு. 2024-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஊபர் போன்ற வாடகைக் கார்கள்மேல் வரி போட்டு நகரப் பேருந்துகளுக்குக் கொடுக்கச் சொன்னது ப்ராப் எல். வணிக வரிகளை மாற்றியமைத்தது ப்ராப் எம். இரண்டுக்கும் பாதிக்கு மேல் ஆதரவு. ஆனால் முரண்பட்டால் கூடுதல் வாக்கு வாங்கியதே செல்லும் என்ற விதியில் எம் வென்றது, எல் செல்லாமல் போனது. ஆக, பேருந்துக்குப் பணம் வேண்டும் என்று எல்-க்கு ஆம் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த எம்-க்கும் ஆம் போட்டவர் தன் வாக்கைத் தானே வெட்டிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொன்ன பரிந்துரை மட்டும்தான் இங்கே பயன்பட்டிருக்கும்.

கடலோரச் சாலையைப் பூங்கா ஆக்கச் சொன்ன ப்ராப் கே கதையையும் சொல்லிவிடுகிறேன். அதை வாக்குச்சீட்டில் வைத்தது கையெழுத்து இயக்கம் அல்ல. நகரத்தை ஆளும் 11 மேற்பார்வையாளர்களில் நான்கு பேர் சேர்ந்தாலே ஒரு கேள்வியை ஏற்றலாம். நகரம் முழுக்க எண்ணியபோது நிறைவேறியது. ஆனால் அந்தச் சாலையில் தினம் கார் ஓட்டிய மேற்குப் பகுதி, சன்செட் வட்டாரம், பலமாக எதிர்த்து வாக்களித்தது. 2025 ஏப்ரலில் பூங்கா திறந்தது. செப்டம்பரில் அந்த வட்டார மக்கள், முன்மொழிவை ஆதரித்த தங்கள் மேற்பார்வையாளர் ஜோயல் எங்கார்டியோவை ரீகால் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நகர அளவிலான பூங்கா ஆர்வலர்களின் பட்டியலும் சன்செட் குடியிருப்போரின் பட்டியலும் கே-க்கு எதிரெதிராகச் சொன்னதில் யாரும் பொய் சொல்லவில்லை. ‘சமூக அமைப்பு’ என்று ஒரு தாளில் போட்டிருந்தால் எந்தத் தெருவின் சமூகம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நடைமுறைக்கு என் வழக்கம் இது. மனதுக்கு நெருக்கமான ஓர் அமைப்பின் பட்டியலையும், எதிர்த் திசையில் நிற்கும் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இரண்டும் ஒத்துப்போகும் கேள்விகளுக்கு அதிக நேரம் செலவழிப்பதில்லை. மோதும் இரண்டு மூன்று கேள்விகளுக்கு மட்டும் செலவுக் கணக்கையும், பெரிய நன்கொடையாளர் பட்டியலையும் பார்ப்பேன். மாநில முன்மொழிவுகளுக்கு முதல் பத்துக் கொடையாளர்களை அரசே வெளியிடுகிறது. அப்படியும் பிடிபடாததைக் காலியாக விடுவேன். ஒரு கேள்வியை விட்டால் மற்ற வாக்குகள் செல்லாமல் போகாது.

வாக்குச்சீட்டு இப்போது பதிவு பெற்ற எல்லா வாக்காளர்களுக்கும் தபாலிலேயே வருகிறது, தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால். சமையலறை மேசையில் வைத்துத் தினம் ஒன்றிரண்டாகக் குறித்துக்கொண்டு வரலாம். நேரில் போய்ப் போடுவதானாலும் குறித்து வைத்த தாளை உள்ளே எடுத்துப் போகத் தடையில்லை. பார்த்துப் பார்த்தே போடலாம். பிரசார அட்டையை மட்டும் அங்கே வெளியே காட்டக் கூடாது. தபாலில் அனுப்புகிறவர்கள் உறையின் மேல் கையெழுத்துப் போட மறந்துவிடாதீர்கள்.